அடியில் இருக்கிற மூன்று

பரண்மேல் பலகை இல்லை.

சாக்கு மட்டும் இருந்தது. நான் கட்டிவைத்த அதே சாக்கு, என் பெண்டாட்டி ராஜமேரி நாலாக மடித்து ஓரமாக வைத்திருந்தாள். உள்ளே இருந்த எண் போட்ட வட்டப் பலகையையும், அதில் கையால் எறிகிற மூன்று சின்ன அம்பையும் காணோம்.

கைப்பழக்கம் இன்னும் இருக்கிறதா என்று ஒரு தடவை எறிந்து பார்க்க நினைத்துத்தான் பரண் ஏறினேன். வீடு முழுக்கத் தேடிவிட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போனேன். வருஷத்துக்கு மூன்று நாள் கிறிஸ்துமசுக்கு வந்துபோகிறவனுக்குக் கொட்டகையில் என்ன வேலை? எட்டிப் பார்த்ததே இல்லை.

பின்சுவரில் மாட்டியிருந்தது. என் நெஞ்சு உயரத்துக்கு.

என் பெயர் செபாஸ்டின். பொம்மிடியில் அம்புக்காரன் வீடு என்று கேட்டால்தான் கைகாட்டுவார்கள். செபஸ்தியார் பேரை வச்சுக்கிட்டு அம்பு எறிஞ்சு பிழைக்கிறியே, அந்த மனுசன் உடம்பெல்லாம் அம்பு வாங்கினது பத்தாதா என்று பங்குச்சாமியாரே கிண்டல் பண்ணுவார்.

பிழைத்தது உண்மைதான். கோலார் தங்கவயலில் ஒரு கிளப்பில் சாக்பீஸ் பிடித்து ஆட்டக் கணக்கு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் ஆள் குறைந்தது என்று கையில் மூன்று அம்பைத் திணித்தார்கள். அதற்கப்புறம் பதினாறு வருஷம், எறிவதற்கே சம்பளம். பெங்களூர், மெட்ராஸ், ஒரு தடவை கல்கத்தா. வாங்கின கோப்பையெல்லாம் கிளப் அலமாரியில்தான் இருக்கிறது.

போன வருஷம் வலது கண் மங்கிப்போனது. போன வாரம் மாலை போட்டு, டீ கொடுத்து, அனுப்பிவிட்டார்கள்.

மூன்று நாளைக்கு முன்னால் ரயிலை விட்டு இறங்கி வந்து, இனிமே இங்கதான் என்று ராஜமேரியிடம் சொன்னேன். சரிங்க என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கட்டின புருஷன் பெட்டி படுக்கையோடு வந்து நிற்கிறேன், ஒரு சிரிப்பு வேண்டாமா? அங்கே கிளப் கட்டிலில் படுத்துக்கொண்டு இந்த முகத்துக்கு எத்தனை நாள் ஏங்கியிருப்பேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பலகையை விரலால் தடவினேன். கத்தாழை நாரை அமுக்கிச் செய்த பலகை. கல்யாணமான புதுசில், கிளப்பில் கழித்துப் போட்டதை வீட்டில் பழகலாம் என்று நான்தான் தூக்கிவந்தேன். மேலே இருபதாம் எண்ணில் ஒன்றிரண்டு பொத்தல். நடுப்புள்ளியில் அதுகூட இல்லை.

அடியில், மூன்றாம் எண்ணின் வெளி வளையத்தில் விரல் உள்ளே போனது.

அந்த ஒரு விரல்கடை இடம் மட்டும் நார் குதறிக் குழிந்திருந்தது. விரல் நுனியில் சுவர் தட்டியது. பலகையைச் சுற்றி மண்சுவரில் பழைய பொத்தல்கள், சாணி வைத்து அடைத்தவை. ஆட்டுக்கல் மேல் பவுடர் டப்பாவில் மூன்று அம்பும் இருந்தன. நான் போட்ட இறகு போய்ச் சேவல் இறகு கட்டியிருந்தது.

இது பழகின கை. வருஷக்கணக்கில் எறியாமல் ஒரே இடத்தில் இப்படி விழாது. நான் இல்லாத வீட்டில் எவன் வந்து நின்று எறிந்தான்?

எட்டடி தள்ளி மண்தரையில் ஒரு கால் நின்று நின்று தேய்ந்த பள்ளம் இருந்தது. என் காலை வைத்துப் பார்த்தேன். குதிகால் வெளியே நின்றது.

பலகையைக் கழற்றினேன். பின்னால் செருகியிருந்த இன்லண்ட் லெட்டர் கீழே விழுந்தது. இடது கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அறுபத்தாறாம் வருஷம், ஆகஸ்ட்.

மெட்ராஸில் ஒரு பந்தயத்தின் கடைசி ஆட்டம் அது. எண்ணைக் கழித்துக்கொண்டே வருகிற ஆட்டத்தில் எனக்கு ஆறு பாக்கி. கடைசி அம்பு வெளி வளையத்தில் விழுந்தால்தான் ஆட்டம் முடியும், அங்கே எண்ணுக்கு இரட்டிப்பு. அடியில் இருக்கிற அந்த மூன்றுதான் எனக்கு வேண்டியது. மூன்று அம்பும் கம்பிக்கு வெளியே போயின.

லெட்டரில் பலகையைப் படம் போட்டு, அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி வைத்திருந்தேன். இங்கே விழுந்திருந்தால் இதோடு போதும் என்று வீட்டுக்கே வந்திருப்பேன் மேரி, இங்கே விழுகிற அன்றைக்கு வந்துவிடுகிறேன் என்று கீழே எழுதியிருந்தேன்.

தோற்றவனின் வீறாப்பு. அடுத்த மாதமே அங்கே விழுந்தது. அப்புறம் எத்தனையோ தடவை. நான் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்குப் போனேன். எழுதினதே மறந்துபோனது.

ராஜமேரி புல்லுக்கட்டோடு உள்ளே வந்தாள். என் கையிலிருந்த லெட்டரைப் பார்த்தாள். கட்டை இறக்கி வைத்தாள்.

"நீயா எறிஞ்சே?" என்றேன்.

"ரெண்டு வருசத்துல விழுந்துருச்சுங்க. அன்னிக்கு உங்களுக்கும் சேத்துச் சோறாக்கி வச்சிட்டு, ஸ்டேசனுக்குப் போய் நின்னனுங்க."

மாட்டுக்குப் புல்லை உதறிப் போட்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க வரல. சரியா விழலியோன்னுதான், அப்பறம் தெனமும் எறிஞ்சேன்."