இன்னொரு வீரபாகு

ஒரே ஒரு உயிரணுவிலிருந்து அச்சு அசலாக ஒரு தவளையையே வெளிநாட்டில் உண்டாக்கிவிட்டார்கள் என்று பெரிய காஞ்சிபுரத்துக் கூட்டத்தில் உருகி உருகிப் பேசி இறங்கினார் விஞ்ஞானி கோதண்டபாணி.

கண்கலங்க வந்த அம்சவேணி ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"எங்க வூட்டுக்காரரு வீரபாகு நகம் ஐயா. இத வச்சு அவரை உண்டாக்கிக் குடுங்க."

கோதண்டபாணி அதைப் பரிவோடு வாங்கிக்கொண்டார். "போனவங்க திரும்ப மாட்டாங்கம்மா. மனசைத் தேத்திக்குங்க."

"ஐயே, வாயைக் கழுவுங்க! வாசல்ல பீடி குடிச்சுக்கினு நிக்கிறாரு. கோர்வைப் புடவை நெய்ய ரெண்டு ஆளு வேணும். கூட நெய்ய வர்றவங்க எல்லாம் இவரோட சண்டை போட்டுக்கினு ஓடிடறாங்க. அதான் இன்னொருத்தரு..."

"செஞ்சாலும் அவரும் இவராட்டமேதாம்மா இருப்பாரு."

அம்சவேணி வாசலைப் பார்த்தாள். பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"நீங்க தவளையே செஞ்சுக்கினு இருங்க ஐயா!"