முப்பத்தொரு சிப்புகள்

அமெரிக்காவின் டுலூத் நகரில் பழைய வீடியோ கேம் மெஷின்களைப் பழுதுபார்க்கும் கர்ட்டிஸுக்கு ஒரு மெஷினைப் பேசவைக்கும் சிப் ஒன்றே ஒன்று தேவைப்பட்டது. எட்டு மாதமாக அது எங்கே விற்பனைக்கு வந்தாலும், மார்வா என்ற பெண்மணி முந்திக்கொண்டு வாங்கிவிடுவார். பொறுக்க முடியாமல் அவர் வீட்டுக்கே போய்விட்டார் கர்ட்டிஸ்.

மார்வா மேசை டிராயரைத் திறந்தார். உள்ளே முப்பத்தொரு சிப்புகள்.

"உங்ககிட்ட எத்தனை மெஷின் இருக்கு?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்புறம் எதுக்குங்க இத்தனை?"

"இதைப் போட்டா மெஷின் என்ன சொல்லும்?"

"ஆட்டம் முடிஞ்சதும் ஒரு ஆம்பளைக் குரல், 'போயிடாத, இன்னும் கொஞ்ச நேரம் இரு'ன்னு சொல்லும்."

"அந்த மெஷினைச் செஞ்ச கம்பெனில வேலை பார்த்தப்ப என் வீட்டுக்காரர் பேசிக் கொடுத்தது. அவர் தவறி ஆறு வருஷமாச்சு. போன கோடையில ஒரு பீட்சா கடையில இருந்த மெஷின்லேர்ந்து அந்தக் குரல் என் முதுகுக்குப் பின்னால கேட்டுச்சு. 'இங்கதான இருக்கேன்'னு திரும்பிப் பதில் சொல்லிட்டேன். கடையே என்னைப் பார்த்துச்சு."

டிராயரை முழுதாக வெளியே இழுத்துக் காட்டினார் மார்வா. "உங்க பிழைப்பாச்சே. ஒண்ணு எடுத்துக்கங்க."

கர்ட்டிஸ் எதையும் எடுக்காமல் டிராயரை மூடினார்.

மறுவாரம் கர்ட்டிஸின் கடையிலிருந்து போன அந்த மெஷினில் மற்ற எல்லாமே வேலை செய்தது. பேச்சு மட்டும் இல்லை.