நூறு வருசக் குடும்பங்கள்

"தம்பி, சாப்பாட்டைப் பின்வாசலால கொண்டு போங்கோ. இஞ்ச வரலாறு நடக்குது."

மஞ்சள் வேலைச் சட்டையோடு வாசலில் நின்றவரைப் பார்த்து இரத்தினசிங்கம் சொன்னார். வந்தவர் கையில் ஒரு பொதி. உரப்பையில் சுற்றி, சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டியிருந்தது.

"சாப்பாடு இல்லை, ஐயா. படங்கள்."

அவுஸ்திரேலியாவின் கிரான்பர்ன் சமூக மண்டபத்தில் காலையிலிருந்தே கூட்டம். 'தென்மராட்சிக் குடும்பங்கள்' என்ற நூறு வருச வரலாற்றுப் பெருநூலுக்காகப் பழைய கடிதங்கள், காணி உறுதிகள், போட்டோக்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிப் பாதுகாக்கிறார்கள். நூற்குழுத் தலைவர், தொகுப்பாசிரியர், முன்னுரை எழுதுபவர் என்று மூன்று பொறுப்பு. மூன்றிலும் இரத்தினசிங்கமே இருந்தார்.

மற்றக் குடும்பங்களுக்கு ஆளுக்கு இரண்டு பக்கம். அவருடைய குடும்பத்துக்குப் பன்னிரண்டு. பழைய படங்களெல்லாம் ஊர் வீட்டோடு போய்விட்டதால், அதில் அவருடைய தாயாரின் படம் சென்னையில் ஓர் ஓவியரைப் பிடித்து வரைவித்தது. அம்மா கொஞ்சம் லட்சுமி போலவும் கொஞ்சம் சினிமா நடிகை போலவும் வந்திருந்தா.

"பேர்?"

"இளங்கீரன்."

"எந்த ஊர்?"

"அளவெட்டி, ஐயா. தொண்ணூற்றஞ்சில இடம்பெயர்ந்து மீசாலைக்கு வந்து, பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில அஞ்சு வருசம் இருந்தனாங்கள்."

"வந்து இருந்தவையெல்லாம் தென்மராட்சி ஆகேலாது, தம்பி. கிரான்பர்னில இருக்கிறன் எண்டதுக்காக நான் வெள்ளைக்காரனோ?"

வரிசையில் நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களுடைய படங்கள் இன்னும் ஸ்கேன் ஆகவில்லை.

இளங்கீரன் பொதியை மேசையில் வைத்தார். "ஐயா, இது உங்கட..."

"எங்கட புத்தகத்துக்குத்தான், தெரியும். எல்லாரும் அதுக்குத்தானே வந்து நிக்கினம்." இரத்தினசிங்கம் கையை உயர்த்தி அவரை நிறுத்திவிட்டுப் படிவத்தைப் புரட்டினார். "அவுஸ்திரேலியாவுக்கு எப்பிடி வந்தனீர்?"

"படகில."

பேனா நின்றது. படிவத்தில் மாணவர் விசா, திறன் விசா, குடும்ப விசா என்று மூன்று பெட்டிகள்தான் இருந்தன. அவரே தயாரித்த படிவம்.

"ஏனையவை எண்டு போடுறன். அதுசரி, குடும்பப் படத்தை ஆராவது உரப்பையில சுத்துவினமோ?"

"மழைக்கு, ஐயா. மீசாலையில இருந்து வன்னி, பிறகு முகாம், பிறகு கடல். எதை விட்டாலும் இதை விட்டிடாதை, ஒருநாள் கேப்பினம் எண்டு அம்மா சொன்னவ."

"கேப்பினம்தான். குடிவரவுக்காரர் பூட்டனின்ர பல்லையும் கேப்பினம்." இரத்தினசிங்கம் தன் பகிடிக்குத் தானே சிரித்தார். "சரி, படத்தில இருக்கிறவையின்ர பேரெல்லாம் சொல்லும்."

"எல்லாற்றை பேரும் எனக்குத் தெரியாது, ஐயா."

இரத்தினசிங்கம் கதிரையில் சாய்ந்து, பக்கத்தில் ஸ்கேனரோடு இருந்த மனைவியின் பக்கம் திரும்பினார். "கேட்டனீரே, பவளம்? குடும்பத்து ஆக்களின்ர பேர் தெரியாதாம். வரலாற்றில மட்டும் இடம் வேணுமாம்."

பவளம் காலையிலிருந்து ஊராருடைய கலியாணப் படங்களைப் பார்த்துக் களைத்திருந்தா. "பேர் தெரிஞ்சவை மூண்டு மணித்தியாலமாக் கதைக்கினம். இந்தத் தம்பியை நீங்கள் ஒரு வசனம் முடிக்க விடேல்லை," என்று சொல்லிக்கொண்டே ரியூப் முடிச்சை அவிழ்த்தா.

உரப்பைக்குள் பொலித்தீன், அதற்குள் வேட்டித் துண்டு, அதற்குள் ஓர் அல்பம். கறுப்புத் தாள்களின் ஓரத்தைக் கறையான் கொஞ்சம் தின்றிருந்தது. ஆனால் ஒரு துளி ஈரம் பட்ட அடையாளம் இல்லை.

முதல் பக்கத்தில் ஒட்டுவிட்டுக் கிடந்த படத்தைப் பவளம் எடுத்துப் பார்த்தா. பின்பக்கம் திருப்பினா. மங்கிய மையில் இரண்டு வரி எழுதியிருந்தது.

அதை வாசித்தவ நிமிர்ந்து இளங்கீரனைப் பார்த்தா. அவர் மெல்லத் தலையாட்டினார்.

"இஞ்சாருங்கோ, இதை ஒருக்காப் பாருங்கோ." பவளத்தின் குரல் மாறியிருந்தது. இரத்தினசிங்கத்துக்கு மற்றவர்களின் குரலைக் கவனிக்கிற பழக்கம் இல்லை.

கண்ணாடியை நெற்றியிலேயே விட்டுவிட்டு, அவர் படத்தை எட்டப் பிடித்தார். வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினார்.

"ஒரு பொடியன். மேல்சட்டை இல்லை. மூக்கால வடியுது. கக்கத்துக்குள்ள ஆட்டுக்குட்டி. நூறு வருசக் குடும்பங்கள் எண்டு உலகம் முழுக்கச் சொல்லிப்போட்டு, நான் இதைப் புத்தகத்தில போடுறதோ? எங்கட பிள்ளையள் பாத்தா என்ன நினைக்குங்கள்?"

ஒருவரும் சிரிக்கவில்லை. பவளத்தின் முகத்தைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆர் பெத்த காவாலி இது?" என்று படத்தை மேசையில் போட்டார்.

இளங்கீரன் வாயெடுத்தார். இரத்தினசிங்கத்தின் கை வழமைபோல உயர்ந்தது. பவளம் அந்தக் கையைப் பிடித்து மேசையோடு அழுத்தினா.

"ஒருக்கா வாயை மூடுங்கோ. தம்பி சொல்லட்டும்."

இளங்கீரன் படத்தை எடுத்து, அதில் பட்ட தூசியைச் சட்டை நுனியால் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.

"நீங்கள்தான், ஐயா."