இன்னும் பழுக்கலை

"யாரு வீட்டுக்குள்ள கல்லெறியறது?"

குளியலறைக் கதவைத் திறந்து சோப்பு நுரையோடு எட்டிப் பார்த்தார் லிஃப்ட் மெக்கானிக். கூடத்தில் ஓர் அட்டைப்பெட்டியின் அடிப்பாகம் பிய்ந்து, பன்னிரண்டு பீச் பழங்கள் டொக் டொக்கென்று தரையில் விழுந்து, நாற்காலிக்கு அடியிலும் பீரோவுக்கு அடியிலும் உருண்டுகொண்டிருந்தன. பெட்டியின் மேல்பாதியைக் கட்டிப்பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றான் அவர் மைத்துனன்.

"கல்லு இல்ல மாமா, பீச் பழம். தோட்டத்துலேர்ந்து நேரா வருது. கொஞ்சம் காய் பதம், அவ்வளவுதான்."

விழுந்ததில் ஒன்றுகூட நசுங்கவில்லை. தரையில்தான் ஓரிடத்தில் லேசாகக் கீறல் விழுந்திருந்தது.

மைத்துனன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். தொழில் அவன் நாக்கிலும் ஊறிவிட்டது, காலிலும் ஊறிவிட்டது. மாமா சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவா, மெதுவா, இப்ப தண்ணி என்பான். மாமா கொஞ்சம் வேகமாக நடந்தால் அவன் கால் தானாகத் தரையை அழுத்தும். மெக்கானிக் மனசுக்குள் அவனுக்கு வைத்திருந்த பெயர் 'பிரேக்'. அவன் வந்துவிட்டால் உள்ளறைக் கட்டில் அவனுக்கு. கணவனும் மனைவியும் கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். மெக்கானிக்கின் முதுகு அதற்கு ஒருநாளும் சம்மதித்ததில்லை.

தம்பி எத்தனை நாள் இருப்பான் என்று மனைவியிடம் ஜாடையாகக் கேட்டார். அவள் பழங்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "ஆசையா தூக்கிட்டு வந்திருக்கான். பழுத்ததும் மூணு பேருமா உட்கார்ந்து சாப்பிட்டா கிளம்பிடுவான்."

மெக்கானிக்கின் வாழ்க்கையில் அந்த நிமிடம் ஒரு லட்சியம் பிறந்தது.

மறுநாள் கம்பெனியில் ஸ்டோர் கீப்பரிடம் யோசனை கேட்டார். தினமும் வேலை முடிந்ததும் இவரோடு செஸ் ஆட உட்கார்ந்து, இரவு ஒன்பதுவரை எழுந்திருக்காத மனிதர் அவர். காகிதப் பையில் போட்டு, துணைக்கு ஒரு கனிந்த வாழைப்பழம் வைத்து, பையின் வாயை மடக்கி வெயில் படாத இடத்தில் வைக்கச் சொன்னார். பழுக்கும்வரை ஃப்ரிட்ஜ் பக்கமே கொண்டுபோகக் கூடாது. மூன்றே நாளில் வாசனை ஊரைக் கூட்டும். சொல்லிக்கொண்டே செஸ் பலகையில் காய்களை அடுக்கினார். மெக்கானிக் உட்காரவில்லை. ஐந்து மணி அடித்ததும் காகிதப் பையும் வாழைப்பழமுமாக வீட்டுக்கு ஓடினார்.

அதன்பிறகு தினமும் அதே ஓட்டம். ஐந்தேகாலுக்கு வீடு. மனைவி காப்பி கலந்து வைத்திருப்பாள். இருவரும் தரையில் உட்கார்ந்து பையைப் பிரித்து, பிரசவ வார்டு டாக்டர்கள் மாதிரி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து முகர்ந்து பார்ப்பார்கள். பேச்சு பழத்தில் தொடங்கி எங்கெங்கோ போய், விளக்கு போட மறக்கும்வரை நீளும்.

மூன்றாம் நாள் மாலை விரலுக்கு மெத்தென்று பட்டது. லேசாக வாசனைகூட வந்தது. இன்னும் ஒரே ஒரு நாள் இருந்தால் தேனாக இருக்கும் என்றாள் மனைவி. அன்று பாயில் முதுகு வலிக்கவே இல்லை.

அடுத்த நாள் பிரித்தால் பன்னிரண்டும் கருங்கல்.

"நேத்து மெத்துன்னு இருந்துச்சே."

"அது உங்க விரலோட ஆசை," என்றாள் அவள்.

வாழைப்பழத்தை மாற்றினார். ஆப்பிளையும் சேர்த்தார். பையைப் போர்வையில் சுற்றி வைத்தார். மறுபடி ஒரு நாள் மெத்தென்று இருந்தது, மறுநாள் கல். மேலே போன லிஃப்ட் கீழே வருவதை இருபது வருஷமாகப் பார்க்கிறார். பழுத்த பழம் காயாவதை இப்போதுதான் பார்க்கிறார்.

பிரேக் மட்டும் உள்ளறையைவிட்டு நகர்வதாக இல்லை. இரவுச் சாப்பாடு வேண்டாம், வயிறு சரியில்லை என்பான். எப்போது பயணம் என்று கேட்டால், பழுக்கணுமே மாமா என்று அக்காவைப் பார்ப்பான்.

ஒன்பதாம் நாள் மாலை பழங்கள் மூன்றாம் முறையாக மெத்தென்றன. இந்தத் தடவை ஏமாற மெக்கானிக் தயாராக இல்லை. மறுநாள் மதிய இடைவேளையில் பழக்கடைக்குக் கிளம்பினார். நன்றாகக் கனிந்ததில் பன்னிரண்டு வாங்க வேண்டியது, மாலையில் பைக்குள் மாற்றி வைக்க வேண்டியது, சாப்பிட்டு முடித்த கையோடு மைத்துனனை பஸ் ஏற்ற வேண்டியது. கச்சிதமான திட்டம்.

கடையில் ஏற்கெனவே ஒருவன் குனிந்து பீச் பழங்களை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். மெத்தென்று இருந்ததை ஒதுக்கிவிட்டு, கல்லாக இருந்ததை மட்டும் கூடையில் போட்டான். உலகமே கனிந்ததைத் தேடும்போது இவர் மட்டும் மூன்றாவது தடவையாகக் கல்லைப் பொறுக்குகிறார் என்று கடைக்காரர் மெக்கானிக்கிடம் அலுத்துக்கொண்டார்.

நிமிர்ந்தவன் பிரேக்.

மெக்கானிக்குக்கு மூக்கு நுனிவரை கோபம் ஏறியது. ஒரு கட்டிலுக்காகவும் மூணு வேளைச் சோற்றுக்காகவும் இப்படி ஒரு சதியா, சொந்த அக்கா புருஷனையே முட்டாளாக்குவதா என்று பொரிந்து தள்ளினார். மைத்துனன் முழுவதையும் கேட்டுவிட்டுக் கூடையைக் கீழே வைத்தான். அழுதுவிடுவான்போல இருந்தான்.

"உங்க பையில மூணே நாள்ல பழுத்துடுது மாமா. அத்தனையும் நானும் அக்காவும் மத்தியானமே தின்னு தீர்க்கறோம், அப்புறம் காய் வாங்கிட்டு வாடான்னு என்னை விரட்டறா. ஊர்ல என்கிட்ட வண்டி பழகறவங்க பதினோரு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க, விட்டுடு அக்கான்னு நானும் தினம் கெஞ்சறேன். 'இருடா, கல்யாணமாகி பதினாலு வருஷத்துல உங்க மாமா இப்பதான் அஞ்சேகாலுக்கு வீட்டுல இருக்காரு'ங்கறா."