மூன்றாவது மதகு

"ஏரி மதகைத் திறக்கப்போகிறோம், நாலு மணிக்குள் வீட்டைக் காலி செய்யுங்கள்" என்று அரசு அறிவிப்பு வந்தது. உடனே எல்லோருடைய போனிலும் இருக்கும் புரளி பிடிக்கும் செயலி வழக்கம்போல் அதைச் சினிமாக்களோடு ஒப்பிட்டுச் சொன்னது: "'மூன்றாவது மதகு' படத்தோடு தொண்ணூற்று நாலு சதவீதம் பொருந்துகிறது. நம்ப வேண்டாம்."

அந்தப் படத்துக்குக் கதை எழுதிய மகானுபாவன் அடியேன்தான். அதில் வெள்ளம் என்று புரளி கிளப்பி, ஜனங்களைத் துரத்திவிட்டு, மந்திரி நிலத்தைச் சுருட்டுவார். படம் நூறு நாள் ஓடியது. எங்கள் குடியிருப்பில் இன்று ஒருவரும் அசையவில்லை.

விஏஓ எஸ்தர் நனைந்துகொண்டே என் வாசலுக்கு வந்தார். "சார், அது கற்பனைன்னு நீங்களே சொல்லிடுங்க. உங்க பேச்சைத்தான் கேப்பாங்க."

அவருடைய அடையாள அட்டையை வாங்கி மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். என் கதையை முதலில் நம்பியவன் நான்தானே. அவர் புடவையில் முழங்கால்வரை ஏரிச் சேறு. எந்த மேக்கப்காரராலும் அந்த நாற்றத்தை வரவழைக்க முடியாது என்று தோன்றிய பிறகே படியிறங்கினேன்.

தரைத்தளத்துத் தணிகாசலம் கைக்குழந்தையோடு வாசலில் நின்றிருந்தார்.

"தணிகா, அது மொத்தமும் நான் ரூம் போட்டு யோசிச்ச பொய். குழந்தையத் தூக்கிட்டு கிளம்புங்க!"

அவர் எஸ்தரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு என் தோளில் கைவைத்துக் காதோடு கேட்டார்: "மிரட்டுறாங்களா சார்? ஆமான்னா ரெண்டு தடவ கண்ணச் சிமிட்டுங்க."

அந்தச் சைகையும் என் படத்தில் வருவதுதான். மழைச்சாரல் நேராக முகத்தில் அடித்தது. குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. இமைக்காமல் நிற்க என்னால் ஆனமட்டும் முயன்றேன்.