சிவப்பு விளக்கு

நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையிலிருந்து வரும் தொலைபேசிப் பேச்சில் ஏதாவது துண்டு வழியில் தொலைந்தால், பேசுபவரின் குரலிலேயே கரை நிலையத்திலுள்ள ஒரு பெட்டி இட்டு நிரப்பிவிடும். கொஞ்சம் நிரப்பினால் மஞ்சள் விளக்கு எரியும்; அங்கிருந்து எதுவுமே வராமல் முழுப் பேச்சையும் நிரப்பினால் சிவப்பு எரிந்து மணியடிக்கும். தொணதொணக்கிறதென்று மணியை மட்டும் யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

புயலுக்கு மறுநாள், மேடையிலிருந்த கணவனோடு காதுபேசியில் பேசிக்கொண்டே, நிலையத்தில் வேலை பார்க்கும் ஜெசிந்தா பெட்டியைச் சோதிக்கத் திறந்தாள். சிவப்பு எரிந்தது; நேற்று மாலையிலிருந்தே எரிவதாகத் திரை காட்டியது.

நேற்றிரவு அவன் "நல்லாருக்கோம் புள்ள" என்றதை நம்பித்தான் மீட்புப் படகைத் திருப்பி அழைத்திருந்தார்கள்.

அவள் துறைமுகத்தை இன்னொரு போனில் பிடித்தாள். "சார், படகை உடனே அனுப்புங்க!"

"படகு எதுக்கு புள்ள?" என்று காதில் சிரித்தது அவன் குரல். "நீ மொதல்ல சாப்பிடு."