தாலித் தட்டு

மகளின் கல்யாண முகூர்த்தத்துக்குச் சற்று முன்பு சுகுணாவுக்கு போன் வந்தது. எப்போதோ வீட்டை விட்டு ஓடிப்போன அவள் கணவன், விடியற்காலையில் இறந்துவிட்டானாம். சொன்னவள், இத்தனை நாளும் அவனோடு இருந்தவள். சுகுணா "சரி" என்று மட்டும் சொல்லி, போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"தாலித் தட்டை சபையில காட்ட ஒரு சுமங்கலி வாங்க," என்றார் ஐயர்.

"பொண்ணோட அம்மாவே போகட்டும்," என்றாள் சம்பந்தியம்மா. "எங்க இருந்தா என்ன, புருஷன் உசுரோட இருக்காரே. அந்தத் தகுதி போதும்."

தனியாளாய் அந்தப் பெண்ணை வளர்த்தது எந்தத் தகுதியிலும் சேரவில்லை. சுகுணா குங்குமத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக இட்டுக்கொண்டு தட்டை ஏந்தினாள். வரிசை வரிசையாக எல்லோரும் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கடைசி வரிசையில், கணவனை இழந்த அவளுடைய நாத்தனார் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான் தொடக்கூடாது சுகுணா."

சுகுணா தட்டை இன்னும் தாழ்த்தினாள்.

"நானே தூக்கிட்டு வந்திருக்கேன். தொடுங்க அண்ணி."

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்தாள். மெல்ல உயர்ந்த கை தாலிக்குப் போகவில்லை. தன் வாயைப் பொத்திக்கொண்டது.